அடுப்படி ஹிந்தி

என் கையெழுத்து ஒன்றும் பெரிய அதிசயமில்லை. முத்துமாரி என்று ஐந்து எழுத்து. அவசரத்தில் போட்டால் அதிலும் ஒரு புள்ளி விட்டுப்போகும். அந்தக் கையெழுத்துக்காகப் பள்ளிக்கூடத்துப் பெரிய மேடம் பிப்ரவரி மாதத்தில் மட்டும் மூன்று தடவை என்னை வேலையிலிருந்து கூப்பிட்டனுப்பினார். மூன்று தடவையும் நான் போடவில்லை. நாலாவது தடவை கூப்பிட்டால் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எறிஞ்சிட்டு? அப்பறம்?" என்றார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

விவகாரம் இதுதான். என் மகளுக்கு எட்டு வயது, இரண்டாம் வகுப்பு. பேர் ஜ்யோத்ஸ்னா. அவள் பிறந்த சமயம் நான் வேலை செய்த வீட்டம்மா ஆசையாக வைத்த பேர். ஸ்டைலாக இருக்கிறதே என்று சரி சொல்லிவிட்டேன். எங்கள் சின்னசேலத்து நாக்கில் அது ஏறினால்தானே? வீட்டில் சோனா. அவளுக்கு இருப்பதை டாக்டர்கள் ஆட்டிசம் என்கிறார்கள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், கண்ணைப் பார்க்க மாட்டாள், பேச்சு இரண்டு மூன்று வார்த்தையோடு சரி. சத்தம் என்றால் ஆகவே ஆகாது. பஸ் ஹாரன் அடித்தால் ரோட்டிலேயே படுத்துக்கொள்வாள். பள்ளிக்கூட மணி அடித்தால் கையில் கிடைத்ததைக் கடிப்பாள். பிப்ரவரியில் ஒருநாள் கையில் கிடைத்தது பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணின் முழங்கை.

அந்தப் பெண்ணின் அப்பா வந்து சத்தம் போட்டார். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன், அதில் தப்பில்லை. ஆனால் பெரிய மேடம் உடனே ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் கையெழுத்துப் போட்டால் சோனா பள்ளிக்கு வர வேண்டாம், வாரத்துக்கு ஒரு மணி நேரம் டீச்சர் வீட்டுக்கே வருவார், அதற்குப் பெற்றோர் சந்தோஷமாகச் சம்மதிக்கிறோம் என்று எழுதியிருந்ததை அவரே படித்துக் காட்டினார். சந்தோஷமாகவாம்! தாளைத் திருப்பி மேஜையில் வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று பெரிய மேடத்துக்குத் தெரியாது. நான் காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவள். பிழைக்க வந்த இந்தத் தலைநகரத்தில், லக்ஷ்மிபாய் நகரில் இரண்டு வீடு, லோதி ரோட்டில் ஒரு வீடு, மூன்றிலும் பாத்திரம், தரை, சமையல். என் வீட்டுக்காரர் வடிவேல் டைல்ஸ் ஒட்டப் போகிறவர், எட்டு மணிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். சோனாவுக்கு மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை அவளை நான் என்ன செய்தேன் தெரியுமா? ரூமுக்குள் விட்டு வெளியே பூட்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலா என்கிற பெரிய சாக்கடை ஓரத்தில் ஒரே ரூம், ஜன்னல்கூடக் கிடையாது. நான் திரும்பி வரும்போது கதவின் உள்பக்கம் நகத்தால் கீறியிருப்பாள். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த அன்று சாயங்காலமே அந்தப் பூட்டை நாலாவில் வீசினேன். இப்போது இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் மறுபடி ஒரு பூட்டு வாங்க வேண்டும். நடந்து போகிற தூரத்தில் வேறு பள்ளிக்கூடம் கிடையாது. தமிழ்ப் பள்ளிக்கூடம் பஸ்ஸில் போகிற தூரம்.

நான் முடியாது என்று நின்றதால் அவளை டெஸ்ட் பண்ண ஒரு மேடத்தை வரவழைத்தார்கள். இனி அவர்கள் எல்லாரும் ஹிந்தியில் பேசியதை நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே மூச்சு வாங்கும். டெஸ்ட் மேடம் என்னைப் பார்த்து "உட்காருங்கள்" என்று நாற்காலியைக் காட்டினார். "இருக்கட்டும் மேடம்" என்று சுவரோரமாக நின்றுகொண்டேன். நாங்கள் வேலை செய்கிற வீடுகளில் நாற்காலியில் உட்காருவது வழக்கமில்லை. டீ கொடுத்தால்கூடத் தரையில் உட்கார்ந்துதான் குடிப்போம். யாரும் வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை, சொல்லாமலே தெரிந்துகொண்ட விஷயம் அது. பதினொரு வருஷத்தில் உடம்பே அப்படிப் பழகிவிட்டது. ஆபீஸ் நாற்காலியைக் கண்டால் கால் தானாகச் சுவரோரம் போகும்.

டெஸ்ட் மேடம் படங்களைப் பரப்பி ஹிந்தியில் கேட்டார். ஆப்பிள் எங்கே? நாய் எங்கே? பசித்தால் என்ன செய்வாய்? சோனா எழுந்து போய் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள். "பைட்டோ" என்றதும் வந்து டக்கென்று உட்கார்ந்தாள். "இதர் ஆவ்" என்றதும் வந்தாள். வேறு எதற்கும் அசையவில்லை. பத்து நிமிஷத்தில் டெஸ்ட் முடிந்துவிட்டது.

அதன் ரிப்போர்ட்டை பிரதீப் சார்தான் எனக்குப் படித்துக் காட்டினார். சோனா மாதிரிப் பிள்ளைகளுக்கென்று செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டரில் வருகிற ஸ்பெஷல் டீச்சர் அவர். நல்ல மனுஷர், ஆனால் ஐந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஆள். "கட்டளை போட்டால் மட்டும் கேட்கிறாள். கேள்வி எதுவும் புரியவில்லை. வகுப்பில் வைத்திருப்பதால் பயனில்லை. இப்படி எழுதியிருக்கிறார்கள்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வீட்டில் அவளிடம் என்ன பாஷை பேசுவீர்கள்?" என்று கேட்டார்.

"ஹிந்திதான் சார்!" என்றேன். பெருமையாகவே சொன்னேன். அது சும்மா வந்த ஹிந்தி இல்லை. சோனாவுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், "குழந்தையைக் குழப்பாதீர்கள், ஒரே பாஷை பேசுங்கள், பள்ளிக்கூடம் ஹிந்தி என்றால் வீட்டிலும் ஹிந்தி" என்று சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னால் சாமி சொன்ன மாதிரி. அன்றிலிருந்து வீட்டில் தமிழை நிறுத்திவிட்டேன். வடிவேலின் ஹிந்தி வேலைத்தளத்து ஹிந்தி, பத்து வார்த்தை பேசினால் ஆறு கெட்ட வார்த்தை. அதனால் அவரைப் பிள்ளை காதுபட வாயைத் திறக்கவே கூடாது என்று கட்டிப்போட்டேன். பாவம், மூன்று வருஷமாக அந்த மனுஷன் தன் மகள் முன்னால் ஊமை மாதிரி உட்கார்ந்து சோறு தின்றார்.

"உங்கள் ஹிந்தியா?" என்று கேட்டு பிரதீப் சார் லேசாகச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் ஹிந்திக்கு என்ன குறைச்சல்? மூன்று வீட்டில் குப்பை கொட்டுகிறேன், ஒருத்தராவது புரியவில்லை என்று சொன்னதுண்டா? ரிப்போர்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே சோனா தன் பிளாஸ்டிக் பொம்மையைத் தரையில் உட்கார வைத்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள். பிறகு பேசினாள். என் மகள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"ஜல்தி கரோ. உதர் ரக்கோ. ஹாத் மத் லகாவ். சாஃப் கரோ. கல் ஜல்தி ஆனா."

சீக்கிரம் செய். அங்கே வை. கை வைக்காதே. சுத்தம் பண்ணு. நாளைக்குச் சீக்கிரம் வா.

கையிலிருந்த துணி நழுவிச் சேற்றில் விழுந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், லோதி ரோட்டு மேடத்தின் குரல். காலையில் நான் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை என் தலைக்கு மேல் ஓடுகிற குரல். ஆனால் சோனா அந்த வீட்டுப் பக்கமே போனதில்லை. அப்படியென்றால் அவள் அதை யாரிடம் கற்றுக்கொண்டாள்? என்னிடம்தான். நான் அங்கே வாங்கியதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து என் பிள்ளை தலையில் கொட்டியிருக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தி முழுவதும் எனக்கு யாரோ போட்ட உத்தரவு. அடுப்படியில் கற்ற ஹிந்தி அது. வலிக்கிறதா என்று ஹிந்தியில் எப்படிக் கேட்பது? என்னை யாராவது கேட்டிருந்தால்தானே தெரியும்? என் தங்கம், என் ராசாத்தி, இன்றைக்கு என்ன விளையாடினாய், யார் உன்னை அடித்தது, இதில் ஒன்றுக்குக்கூட எனக்கு ஹிந்தி கிடையாது. மூன்று வருஷமாக என் பிள்ளையிடம் நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி புரியவில்லை என்று டெஸ்ட் மேடம் எழுதினதில் என்ன ஆச்சரியம்? தெரு என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

வடிவேல் வந்ததும், "மாமா, நாளையிலேர்ந்து இந்த வூட்ல தமிழுதான்" என்றேன்.

"டாக்டரு ஒரே பாஷைன்னாரே?"

"ஆமா. ஒரே பாஷைதான். அது நம்ம பாஷையா இருக்கட்டும்."

அவர் சோனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப நானும் பேசலாமா?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது எனக்கு வந்த அழுகை கொஞ்சநஞ்சமில்லை.

செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காமல், மறுநாளே பிரதீப் சாரைப் போனில் பிடித்தேன். "சார், அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. என் பொண்ண தமிழுல டெஸ்ட் பண்ணணும்" என்றேன். அதற்கு அவர், பிள்ளை வீட்டில் கேட்கிற பாஷையில் கேட்பதுதான் முறை, நான் விண்ணப்பம் எழுதித் தருகிறேன், ஆனால் தமிழ் தெரிந்த ஆளை நீங்கள்தான் கூட்டிவர வேண்டும், அம்மா கேட்டால் சொல்லிக்கொடுத்துவிடுவாள் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். ஏப்ரல் முதல் வாரத்தில் தேதி கிடைத்தது. நாற்பது நாள் இருந்தது. அதுவரை சோனாவை அனுப்ப வேண்டாம் என்று பெரிய மேடம் சொல்லிவிட்டார்.

பூட்டு வாங்கினேனா? வாங்கவில்லை. சோனாவைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஹாரன் கேட்காத குவார்ட்டர்ஸ் சந்துகளாகப் பார்த்து நடந்தோம், இருபது நிமிஷ வழி நாற்பது நிமிஷம் ஆனது. லோதி ரோட்டு மேடம் வாசலிலேயே நிறுத்தி, "இது என்ன, இதையெல்லாம் கூட்டிக்கொண்டு வருகிறாய்?" என்றார். இது என்றது என் பிள்ளையை. "கல் சே நஹீ ஆவுங்கீ" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நாளையிலிருந்து வர மாட்டேன். அந்த வீட்டில் நானாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

லக்ஷ்மிபாய் நகர் அம்பிகா மேடம் அப்படியில்லை. திருநெல்வேலிக்காரர், ஏதோ மந்திரி ஆபீசில் பெரிய வேலை. "கூட்டிட்டு வா, ஒரு மூலையில இருந்துட்டுப் போட்டும். ஆனா என் ஃபைல்ல மட்டும் கை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். டெஸ்ட்டுக்குத் தமிழ் பேச வரச் சொல்லிக் கேட்டதற்கும், "அரை நாள் லீவு போட்டுட்டு வாரேன், நீ கவலைப்படாத" என்று ஒத்துக்கொண்டார்.

அந்த நாற்பது நாள் நான் பேசின பேச்சு என் ஆயுசுக்கும் போதும். வெங்காயம் உரித்தால் வெங்காயத்தைப் பற்றிப் பேசினேன். குக்கர் விசில் அடிக்கப்போகிறது, காதைப் பொத்திக்கோ தங்கம் என்று முன்கூட்டியே சொன்னேன். அம்பிகா மேடம் புருஷன் குளிக்கப் போனால் ஒரு மணி நேரம் வெளியே வர மாட்டார் என்பதைக்கூடச் சொன்னேன். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரே புலம்பல்தான். எங்களிடம் கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இருக்கிறது, ஒரு வீட்டில் தூக்கிப் போட இருந்ததை வாங்கி வந்தது. அதை இழுத்துப் போட்டு, "அப்பாடா, காலு நோவுதே சோனா. அம்மா உக்கார்றேன். உக்காந்து தண்ணி குடிக்கிறேன். இந்த எடது காலுதான்டி உசுர வாங்குது" என்று நானே சொல்லி, நானே உட்கார்ந்து, நானே தண்ணீர் குடித்து, நானே காலைப் பிடித்துக்கொள்வேன். சோனா சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டிருப்பாள்.

பதில் என்று ஒரு வார்த்தை கிடையாது. இருபதாம் நாள் வாக்கில் பழைய ஹிந்தியும் நின்றுபோனது. 'ஜல்தி கரோ'கூட இல்லை. சுத்தமாக வாய் மூடிவிட்டாள். வடிவேல் பயந்துபோனார்.

"இருந்த நாலு வார்த்தையும் போச்சேடி. டாக்டரு பேச்ச மீறி இருக்கக் கூடாது."

"போகட்டும். அந்த நாலு வார்த்தைய வெச்சு என்னா பண்ணா? பொம்மைய வெரட்டிக்கிட்டு இருந்தா."

"டெஸ்ட்ல பேசலன்னா?"

"பேசலன்னா மறுபடி டெஸ்ட்டு கேப்பேன். அதுக்கும் பேசலன்னா இன்னொரு தபா கேப்பேன். எம் புள்ளய பூட்டி வெக்க மாட்டேன் மாமா, அவ்ளோதான்." சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் பயம்தான். அவருக்குத் தெரியாமல் சோற்றுப் பானையைக் கழுவுகிற சாக்கில் அழுவேன். கழுவி முடித்ததும் மறுபடி பேச ஆரம்பிப்பேன்.

டெஸ்ட் நாள் வந்தது. பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் எழுந்து இரண்டு வீட்டு வேலையையும் முடித்துவிட்டு, சோனாவுக்குத் தலைவாரி, ஒன்பதே முக்காலுக்கே பள்ளிக்கூட வராந்தாவில் போய் நின்றேன். பத்தரைக்கு அம்பிகா மேடம் போன் பண்ணினார். "முத்துமாரி, தப்பா நெனைக்காத. பார்லிமென்ட் கேள்வி ஒண்ணு வந்துட்டு. மத்தியானத்துக்குள்ள பதில் போவணும். லீவு கேன்சல் பண்ணிட்டாங்க. என்னால நகரவே முடியாது."

பார்லிமென்ட்டுக்குக் கேள்வி கேட்க வேறு நாளே கிடைக்கவில்லை! "மேடம், ஒங்க கால்ல வேணா விழறேன்" என்றேன். "கால்ல விழுந்து என்ன செய்ய? போன்ல இருக்கேன், ஸ்பீக்கர்ல போடு. நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

அப்படித்தான் செய்தோம். பெரிய மேடத்தின் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய மேடம், டெஸ்ட் மேடம், ஓரத்தில் பிரதீப் சார். இந்தப் பக்கம் சோனாவுக்கு ஒரு சின்ன நாற்காலி. சுவரோரம் பெற்றோருக்கு என்று ஒரு இரும்பு நாற்காலி. நான் அதன் பக்கத்தில் நின்றுகொண்டேன். மேஜை நடுவில் என் போன். டெஸ்ட் மேடம் ஹிந்தியில் சொல்லச் சொல்ல, போனிலிருந்து அம்பிகா மேடத்தின் குரல் வந்தது.

"சோனா, ஆப்பிள் எங்கம்மா இருக்கு? காட்டு பாப்போம்."

சோனா போனைத் திருப்பிப் போட்டு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

"சோனா, நாய் எங்க? லொள் லொள் நாய் எங்க?"

மறுபடி நிமிர்த்தினாள். போன் வெளிச்சத்தை விரலால் தடவினாள். ஐந்து கேள்வி, பத்துக் கேள்வி. ஆளில்லாமல் ஒரு டப்பாவிலிருந்து வருகிற குரலை அவள் மனுஷக் குரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான் வாயைத் திறக்கக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். டெஸ்ட் மேடம் கெட்டவர் இல்லை, அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "என்ன செய்வது, நானும் முயன்றேன்" என்று படங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார். பெரிய மேடம் டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார். பேனாவையும் மூடி கழற்றி அதன் மேல் வைத்தார். மூடியைக் கழற்றிக் கொடுக்கிற மரியாதை!

நாலரை மணியிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறேன். நான் நினைக்காமலே, மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் வருகிற மாதிரி, பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

"ஐயோ கடவுளே, காலு நோவுதே."

சோனா எழுந்தாள். நேராக என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த இரும்பு நாற்காலியைப் பார்த்தாள். அதை இழுத்தால் தரையில் கிறீச்சென்று சத்தம் வரும், அந்தச் சத்தம் அவளுக்கு ஆகாது. ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு காதைத் தோளில் அழுத்திக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு கையால் நாற்காலியை இழுத்தாள். கிறீச்சென்றது. முகம் கோணிப்போனது. விடவில்லை. என் முட்டி வரைக்கும் கொண்டுவந்து இடித்து நிறுத்தினாள்.

"உக்காரும்மா" என்றாள்.

நான் அசையாமல் நின்றேன். எட்டு வருஷத்தில் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை. அவள் என் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் வயிற்றில் இடித்தாள்.

"உக்காந்து தண்ணி குடி. காலு நோவுது."

உட்கார்ந்தேன். பெரிய மேடத்துக்கு எதிரே, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தேன். சோனா தரையில் உட்கார்ந்து என் இடது காலைப் பிடித்து அமுக்கினாள். வலது காலைத் தொடவில்லை, வலிக்கிறது இடது கால் என்று அவளுக்குத் தெரியும். நாற்பது நாளும் சுவரைப் பார்த்து ஆடிக்கொண்டே என் பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

போனை அணைக்க எல்லாரும் மறந்துவிட்டோம். "ஹலோ? முத்துமாரி? யாரு பேசினது, சோனாவா?" என்று அம்பிகா மேடம் கத்தினார். டெஸ்ட் மேடம் என்னைப் பார்த்து, "என்ன சொன்னாள்?" என்றார். அம்பிகா மேடமே ஹிந்தியில் சொன்னார். அம்மாவை உட்காரச் சொல்கிறாள், தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள், அம்மாவுக்குக் கால் வலிக்கிறதாம். அந்தப் பக்கம் பார்லிமென்ட் பதில் என்ன ஆனதோ தெரியாது.

டெஸ்ட் மேடம் அடுக்கிய படங்களை மறுபடி பரப்பினார். "நீங்களே கேளுங்கள். போனில் இருப்பவர் நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளட்டும்" என்று பென்சிலை எடுத்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டேன். சோனா என் காலை விடாமல் ஒரு விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள். வெங்காயத்தைக் காட்டினாள், குக்கரைக் காட்டினாள், நாயைக் காட்டினாள், அழுகிற பிள்ளையைக் காட்டினாள். பசித்தால் என்ன செய்வாய் என்றதற்கு "சோறு" என்றாள். ஆப்பிளை மட்டும் காட்டவில்லை. நாங்கள் ஆப்பிள் வாங்கினால்தானே காட்டுவாள்? பன்னிரண்டில் எட்டு. பிரதீப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெரிய மேடம் தொண்டையைச் செருமினார். "அச்சா. நல்லது. ரிப்போர்ட் வரட்டும், பார்க்கலாம். நீங்கள் போங்கள், அடுத்த வாரம் சொல்லி அனுப்புகிறோம்."

அடுத்த வாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பிறகு அதற்கடுத்த வாரம், பிறகு மே மாத லீவு. நான் எழுந்திருக்கவில்லை.

"மேடம், எம் பொண்ணு உக்காரச் சொன்னா, உக்காந்துட்டேன்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். "இவ கிளாசுல இருக்கலாம்னு எழுதிக் குடுங்க. மணி அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா சொல்லணும், காதப் பொத்திக்குவா, கடிக்க மாட்டா. அதையும் எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் இங்கியே இருக்கேன். எனக்கு அவசரமில்ல."

"இப்படியெல்லாம் உடனே எழுத முடியாது" என்றார் பெரிய மேடம்.

"டீக் ஹை, சரி. நான் உக்காந்திருக்கேன்."

கால்மணி நேரம் ஆனது. யாரோ இரண்டு டீச்சர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பழைய முத்துமாரியாக இருந்தால் இதற்குள் நாலு தடவை எழுந்து, மூன்று தடவை மன்னிப்புக் கேட்டிருப்பேன். உடம்பு கூசத்தான் செய்தது. முதுகை நாற்காலியில் நன்றாகச் சாய்த்துக்கொண்டேன். தண்ணீர் குடித்தேன். கடைசியில் டெஸ்ட் மேடம், "என் பக்கத்தை நான் இப்போதே எழுதிவிடுகிறேன்" என்று ஒரு தாளை இழுத்தார். அவர் எழுதி முடித்ததும் பிரதீப் சார் பெரிய மேடத்திடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். பெரிய மேடம் பெருமூச்சு விட்டு, கீழே இரண்டு வரி எழுதி, முத்திரையைக் குத்தினார். பிரதீப் சார் எனக்குப் படித்துக் காட்டினார், கிளாசில் இருக்கலாம், மணிக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று இரண்டும் இருந்தது. இரண்டாம் தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் எழுந்தேன்.

மேஜையில் மூடி கழற்றின பேனாவோடு அந்த இன்னொரு தாள் கிடந்தது. பேனாவை எடுத்தேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஆனால் எறியவில்லை, மூடியைப் போட்டு அவர் முன்னால் வைத்தேன்.

கதவுவரை வந்ததும் சோனா நின்றாள். திரும்பி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, பெரிய மேடத்தைப் பார்த்தாள். அந்த லோதி ரோட்டுக் குரல் இருபது நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மறுபடி வெளியே வந்தது.

"கல் ஜல்தி ஆனா" என்றாள். நாளைக்குச் சீக்கிரம் வா.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு நாங்கள் கேட்டில் நின்றபோது, பெரிய மேடம் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார்.